பண்டிகைக்கு வந்த செடியை அடுத்த ஆண்டும் பூக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பரில் செக்கச்செவேல் என்று வீட்டுக்குள் வந்த கிறிஸ்துமஸ் அலங்காரச் செடியான பாயின்செட்டியா, மார்ச்சில் நாலைந்து பச்சை இலையோடு ஜன்னலோரம் நிற்கும். தூக்கிப் போடவும் மனசு வராது, என்ன செய்வதென்றும் தெரியாது. என்னிடம் இருக்கும் பாயின்செட்டியா ஆறாவது முறையாகச் சிவந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கள்ளி, அமரில்லிஸ் இரண்டையும் பல ஆண்டுகளாக வளர்க்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாதங்களை வட அரைக்கோளக் கணக்கில் சொல்லியிருக்கிறேன். மற்ற இடங்களுக்கான கேள்வி பின்னால் வருகிறது.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. செடி செத்துப் போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. தண்டின் மேல்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பாயின்செட்டியாவாக இருந்தால் சுரண்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசியும். தண்டு சுருங்கி, உள்ளே பழுப்பாக, குச்சி போல ஒடிந்தால் அந்தக் கிளை போய்விட்டது. அடுத்த கிளையைச் சுரண்டிப் பாருங்கள். ஒரே ஒரு கிளையில் பச்சை இருந்தாலும் போதும், அதிலிருந்து செடியை மீட்டுவிடலாம்.

அந்தச் சிவப்பு பூ இல்லை என்கிறார்களே?

உண்மைதான். சிவப்பாக விரிந்திருப்பவை நிறம் மாறிய இலைகள். அவற்றின் நடுவே மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்ன மணிகள் போலக் கொத்தாக இருக்கும், அவைதான் பூ. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மணியின் பக்கத்திலும் ஒரு குட்டி உதடு தெரியும். அதில் ஒரு சொட்டுத் தேன் பளபளக்கும். வாங்கும்போது இந்த மணிகள் இறுக்கமாக, உதிராமல் இருந்தால் செடி புதியது, நிறம் நெடுநாள் நிற்கும்.

இது மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் பிறப்பிடமாகக் கொண்ட புதர். தாவரவியல் பெயர் யூஃபோர்பியா புல்செரிமா. மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் 1820களின் இறுதியில் இதைத் தன் நாட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கும் நிலைத்துவிட்டது. அதற்கு வெகு முன்பே அஸ்டெக் மக்கள் இதை அறிந்திருந்தார்கள், அவர்கள் மொழியில் இதன் பெயர் குவெட்லஷோசிட்ல். காட்டில் ஆள் உயரத்தையும் தாண்டி வளரக்கூடிய செடியைத்தான் நாம் கையகலத் தொட்டியில் வைத்திருக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை எளிதாகப் புரியும்.

நன்றாகத் தண்ணீர் விடுகிறேன், உரம் போடுகிறேன். பச்சையாகத் தழைக்கிறதே தவிர சிவக்கவே இல்லை. ஏன்?

ஏனென்றால் அதற்குக் குறைவது உரம் இல்லை, இரவு. நீளமான, இடையில் விளக்கு எரியாத இரவு தொடர்ந்து கிடைத்தால்தான் இந்தச் செடி பூக்கத் தொடங்கும்.

செடி இரவின் நீளத்தை எப்படி அறியும்? 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் இதற்கு வழி திறந்தார்கள். அவர்களிடம் ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடை முழுக்க ஆளைவிட உயரமாக வளரும், ஆனால் பூக்காது. வெப்பமா, உரமா, ஈரமா என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் செடியை மாலையிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்திப் பகலைச் சுருக்கினார்கள். கோடையிலேயே பூத்துவிட்டது. இப்படிப்பட்ட செடிகளுக்குக் குறும்பகல் செடி என்று பெயர் வந்தது. பின்னால் நடந்த சோதனைகளில், பகல் குறைவதைவிட இரவு இடையறாமல் நீள்வதுதான் கணக்கு என்று தெரிந்தது. நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே போதும், செடி அதை இரண்டு சின்ன இரவுகளாக எடுத்துக்கொள்ளும்.

இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது உருமாறும், இருட்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். செடி தன் உள்கடிகாரத்தோடு இதையும் சேர்த்துத்தான் இரவை அளக்கிறது. நம் வீட்டில் சூரியன் மறைந்த பிறகும் பத்து, பதினொரு மணி வரை விளக்கு எரிகிறது. செடிக்கு அங்கே எப்போதும் கோடைகாலம்தான்.

சரி, எத்தனை மணி நேர இருட்டு? எத்தனை வாரம்?

தினமும் 14 மணி நேரம், 8 முதல் 10 வாரம். அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கினால் டிசம்பர் நடுவில் நிறம் கூடிவிடும்.

நான் மாலை 5 மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் செடியின் மேல் கவிழ்த்துவிடுவேன். காலை 7 மணிக்கு எடுத்துவிடுவேன். பெட்டி இலையை அழுத்தக் கூடாது, கிளை நுனிக்கு மேலே நாலு விரல் இடம் இருக்கட்டும். பெட்டியின் ஒட்டுகளில் இடுக்கு இருந்தால் கறுப்புத் துணியைப் போர்த்துங்கள். யாரும் திறக்காத அலமாரி இருந்தால் அதற்குள் வைத்து எடுக்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது பகல் விஷயத்தில். இருட்டு முக்கியம் என்று கேள்விப்பட்டதும் நாள் முழுவதும் செடியை அலமாரிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இலை வெளிறிக் கொட்டும். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் நாலைந்து மணி நேரம் விழும் ஜன்னல் கிடைத்தால் மிகவும் நல்லது. பகலில் சேர்க்கும் சத்தை வைத்துத்தான் நீண்ட இரவு தூண்டும் வேலையைச் செடி செய்யும்.

வெப்பத்தையும் கவனியுங்கள். இரவில் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் தாராளம். இரவு வெப்பம் 22, 23 டிகிரியைத் தாண்டினால் இருட்டு சரியாகக் கிடைத்தாலும் நிறம் தள்ளிப்போகும். ஆகவே பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் கவிழ்ப்பது நல்லது. நுனி இலைகள் முக்கால்வாசி சிவந்து, நடுவில் மணிகள் தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவிடலாம்.

இருட்டு என்றால் எவ்வளவு இருட்டு? அறை விளக்கை அணைத்தால் போதாதா?

போதாது, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டு பெட்டியெல்லாம் வைக்கவில்லை. யாரும் படுக்காத அறை, மாலையில் கதவைச் சாத்திவிட்டால் இருட்டுதானே என்று நினைத்தேன். நவம்பர் கடைசியில் செடியின் ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் சிவந்தன, மறுபக்கம் கரும்பச்சையாகவே நின்றது. நோய் என்று பயந்துபோனேன். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அந்த அறைக்குள் போய் விளக்கைப் போடாமல் நின்று பார்த்தேன். திரைச்சீலையின் ஓரத்தில் இரண்டு விரல் அகல இடைவெளி. அதன் வழியே தெருவிளக்கு வெளிச்சம் சாய்ந்து விழுந்து, செடியின் பச்சைப் பக்கத்தில் சரியாகப் படிந்திருந்தது. அலமாரியின் நிழல் விழுந்த பக்கம் மட்டும் சிவந்திருந்தது. எங்கே வரை வெளிச்சம் வந்தது என்று கோடு போட்டுக் காட்டியது போல இருந்தது.

வசதியாகப் புத்தகம் படிக்க முடியாத அளவு மங்கிய வெளிச்சம்கூட இந்தச் செடியைக் குழப்பும். கதவிடுக்கு, தொலைக்காட்சி, மீன் தொட்டி விளக்கு என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். செடி வைக்கப்போகும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். அப்புறம் உங்கள் கைவிரல்கள் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம்.

ஒரு நாள் மூட மறந்துவிட்டேன். எல்லாம் வீணா?

இல்லை. ஒரு இரவு தவறினால் நிறம் சில நாள் பிந்தும், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தவறவிட்டால்தான் பலன் கிடைக்காது. கைப்பேசியில் 5 மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் பெட்டியைக் கவிழ்த்து எடுக்க மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜனவரி முதல் செப்டம்பர் வரை என்ன செய்வது?

அக்டோபரில் வைக்கும் இருட்டுக்குப் பலன் தரும் செடியை உருவாக்குவது இந்த ஒன்பது மாதம்தான்.

நிறம் இருக்கும்வரை வெளிச்சமான இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். தொட்டியைச் சுற்றியிருக்கும் பளபளப்புக் காகிதத்தை முதல் நாளே கழற்றி எறியுங்கள். அதற்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகிச் செத்த செடிகள்தான் அதிகம்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ நிறம் மங்கி இலை உதிரத் தொடங்கும். அப்போது கவாத்து செய்யுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு, ஒவ்வொரு கிளையிலும் மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. ஆனால் வெட்டாமல் விட்ட செடி கீழே மொட்டையாகவும் உச்சியில் மட்டும் நாலு இலையாகவும் போய்விடும். வெட்டிய பிறகு இலை இருக்காது, அதனால் தண்ணீரைக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் அரிசி அளவு துளிர் எட்டிப் பார்க்கும்.

துளிர்கள் விரல் நீளம் வந்ததும் ஒரு சுற்று பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மிகப் பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தேங்கும். தென்னை நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்த, தண்ணீர் சட்டென்று வடியும் மண் போதும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் குறையாத காலம் வந்ததும் வெளியே கொண்டுபோகலாம். முதலில் ஒரு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில். உள்ளேயே இருந்த செடியை நேராக உச்சிவெயிலில் வைத்தால் இலை பொசுங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த உரம் கொடுங்கள்.

ஜூன் முடிவிலிருந்து கிளை நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு கிளையும் நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். எத்தனை நுனி இருக்கிறதோ அத்தனை சிவப்புக் கொத்து, கணக்கு அவ்வளவு நேரடியானது. ஆனால் செப்டம்பர் தொடங்கியதும் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கிள்ளினால் அந்த நுனி முற்றுவதற்குள் பருவம் போய்விடும்.

வாங்கியபோது குட்டையாக, குடை போல இருந்தது. இப்போது ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்கிறதே?

உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்துத்தான் அந்தக் குட்டை உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன் பலன் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்புகிறது. நாம் கிள்ளிக் கிள்ளித்தான் அடக்க வேண்டும்.

இன்னொரு செய்தி எனக்கு இன்றும் வியப்புதான். தொட்டிப் பாயின்செட்டியா அப்படி அடர்த்தியாகக் கிளைப்பதற்குக் காரணம் அதன் உடலில் வாழும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். மற்ற பயிர்களில் நோய் உண்டாக்கும் இனம் அது, இங்கே செடியை அழகாக்குகிறது. அந்த நுண்ணுயிரை நீக்கி வளர்த்த செடிகள் சில கிளைகளோடு உயரமாகப் போய்விட்டன.

பாயின்செட்டியாவின் பால் நஞ்சா?

பேசப்படும் அளவுக்கு இல்லை. கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், தின்றால் வயிறு குமட்டும். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைத்தால் போதும்.

கிறிஸ்துமஸ் கள்ளிக்கும் இதே முறைதானா?

இருட்டு அதற்கும் வேண்டும், ஆனால் குளிர்ச்சி அதைவிடப் பெரிய உதவி. இரவு வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இருந்தால் தினம் 13, 14 மணி இருட்டில் 6 வாரத்தில் மொட்டு வைக்கும். 10 முதல் 13 டிகிரி இருந்தால் இருட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், தானாக மொட்டு வைத்துவிடும். இரவுகள் வெக்கையாக இருந்தால் எவ்வளவு மூடினாலும் அடம்பிடிக்கும். அக்டோபரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும், விளக்குப் படாத ஜன்னலோரத்துக்கோ தாழ்வாரத்துக்கோ இதை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கள்ளி என்ற பெயரைக் கேட்டுப் பாலைவனச் செடி என்று நினைத்துக் காயப்போடுகிறார்கள். இது பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகளில் மரக்கிளைகளிலும் பாறை இடுக்கிலும் ஒட்டி வாழும் செடி. பனிமூட்டமும் நிழலும் பழகியது. உச்சிவெயில் பட்டால் செங்கல் நிறமாகிவிடும். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விடுங்கள், மொட்டு வைக்கும் அந்த 6 வாரம் மட்டும் கொஞ்சம் குறைத்து விடுங்கள்.

இந்தப் பெயரில் விற்கப்படும் இரண்டு இனங்களில் உங்களிடம் இருப்பது எது என்று பார்க்கத் தட்டையான துண்டுகளின் ஓரத்தைத் தடவுங்கள். நண்டுக் கொடுக்கு போலக் கூர்முனை இருந்தால் அது நவம்பரிலேயே பூக்கும் இனம். ஓரம் அலை அலையாக மழுங்கியிருந்தால் அதுதான் டிசம்பர் இனம், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கலப்பினச் சேர்க்கையில் பிறந்தது. இரண்டுக்கும் வளர்ப்பு ஒன்றே.

ஜூன் தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையிலும் கடைசித் துண்டைத் திருகி எடுத்துவிட்டால் அங்கே இரண்டாகக் கிளைக்கும். திருகிய துண்டுகளை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி மண்ணில் செருகுங்கள், வேர் விட்டுவிடும். தொட்டியை அடிக்கடி மாற்றாதீர்கள், வேர் நெருங்கிக் கிடப்பது அதற்குப் பிடிக்கும்.

கள்ளியில் மொட்டு நிறைய வந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. ஏன்?

மொட்டு வந்த சந்தோஷத்தில் செடியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து வரவேற்பறை நடுவில் வைத்தீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். மொட்டுக் காலத்தில் இடம் மாறுவதும், வெளிச்சம் குறைவதும், ஹீட்டர் காற்றும் இதற்கு ஆகாது. மண் எலும்பாகக் காய்ந்தாலும், சொதசொதவென்று இருந்தாலும் உதிர்த்துவிடும். மொட்டு கடுகளவு தெரிந்த நாள் முதல் தொட்டியைத் திருப்பிக்கூட வைக்காதீர்கள். முதல் பூ விரிந்த பிறகு நகர்த்தலாம்.

அமரில்லிஸ் கிழங்கில் இலை மட்டும் வருகிறது. அதையும் இருட்டில் வைக்க வேண்டுமா?

வேண்டாம். அமரில்லிஸ் என்று விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரம், இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பதில்லை. கிழங்கில் சேமிப்பு இருக்கிறதா என்பதுதான் அதற்குக் கேள்வி. ஒரு பருவம் பூத்து முடித்த கிழங்கை அழுத்திப் பாருங்கள், வற்றிப் போயிருக்கும். அதை மறுபடி நிரப்புபவை இலைகள். கிழங்குக்குள் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒன்று என்று பூமொட்டு உருவாகிறது. ஆகவே இலை குறைந்தால் பூவும் குறையும்.

பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் அடியோடு வெட்டுங்கள், இலையைத் தொடாதீர்கள். கிடைக்கிற நல்ல வெயிலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரமும் செப்டம்பர் வரை கொடுங்கள். அப்புறம் தண்ணீரை நிறுத்தி, 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சியுள்ள இடத்தில் 8 முதல் 10 வாரம் ஓய்வு கொடுங்கள். இலை தானாக மஞ்சளாகி உதிரட்டும். பிறகு மேல்மண்ணைப் புதுப்பித்து, கிழங்கின் கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே இருக்கும்படி வைத்து, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். துளிர் வரும்வரை அடுத்த தண்ணீருக்கு அவசரப்படாதீர்கள். 6 முதல் 8 வாரத்தில் பூக்கும்.

மெழுகு பூசி, மண்ணே இல்லாமல் விற்கும் கிழங்குகள் வேறு விஷயம். பெரும்பாலும் அவற்றின் அடிவேரை வெட்டிவிட்டுத்தான் மெழுகில் தோய்க்கிறார்கள். ஒரு முறை பூப்பதோடு ஓய்ந்துவிடும். காப்பாற்ற நினைத்தால் பூத்ததும் மெழுகை உரித்து நட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கலஞ்சோ, சைக்லமென்?

கலஞ்சோவுக்குப் பாயின்செட்டியா முறையே பொருந்தும். தினம் 14 மணி இருட்டு, 6 வாரம். மடகாஸ்கரைச் சேர்ந்த சதைப்பற்றுச் செடி என்பதால் தண்ணீரை மட்டும் சுருக்கமாக விடுங்கள். சைக்லமென் கோடையில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும், அதைச் செத்ததாக எண்ணிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிழங்கை நிழலில், ஏறக்குறைய காய்ந்த மண்ணில் விட்டுவைத்து, இலையுதிர்காலத்தில் துளிர் தெரிந்ததும் தண்ணீரைத் தொடங்குங்கள். அதற்குக் குளிர்ச்சிதான் உயிர்.

நான் தென் அரைக்கோளத்தில் இருக்கிறேன். அல்லது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். எனக்கு?

தென் அரைக்கோளத்தில் நீண்ட இரவுகள் ஜூன், ஜூலையில் வருகின்றன. செடியை அதன் போக்கில் விட்டால் அப்போதுதான் பூக்கும். டிசம்பரில்தான் வேண்டும் என்றால், கோடைப் பகல் நீளும் அக்டோபர், நவம்பரில் தினமும் தவறாமல் மூட வேண்டும். அப்போது பெட்டிக்குள் சூடு ஏறும், அதனால் இரவு நன்றாக இருட்டிய பிறகு பெட்டியை எடுத்துவிட்டு, விடிவதற்குள் மறுபடி மூடுவது நல்லது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் இரவு 12 மணி நேரத்துக்கு அருகிலேயே இருக்கும். எந்த மாதத்திலும் மூடத் தொடங்கலாம், ஆனால் வெக்கையான இரவுதான் அங்கே தடை. கிடைப்பதிலேயே குளிர்ந்த மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அக்டோபர் முடிந்துவிட்டது. இனி மூடி என்ன பயன்?

இன்று மாலையே மூடுங்கள். பாயின்செட்டியாவுக்குப் பண்டிகைத் தேதி தெரியாது, அதற்கு இரவுக் கணக்குதான். நவம்பர் நடுவில் தொடங்கினால் ஜனவரி கடைசியில் சிவக்கும். என் செடி ஒரு ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில்தான் முழுசாகச் சிவந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் நிறம் மங்கிய பிறகு, ஏப்ரல் கடைசி வரை அது ஜன்னலோரம் சிவப்பாக நின்றது.